அஞ்சு இல்லாத அஞ்சு ரூபாய்

கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். கடம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போளிக்கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருக்கும், எதிரே நாலு பேர் நிற்பார்கள், நாலு பேருக்கும் ரயிலுக்கு நேரமாகியிருக்கும். பொட்டலம் கட்டி, காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, "ரயிலு வந்துட்டு, ஓடுங்க" என்று விரட்டியும் விட வேண்டும். அந்த வாயால் ஒரு தடவை ஊர் கேட்க ஒரு சொல் சொல்லிவிட்டேன். அதைக் காப்பாற்றினேன் என்கிற பெருமையில்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்படுகிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டு அடக்கமாக இருக்க எனக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு அஞ்சு ரூபாய்க் காசில் ஆரம்பித்தது. கடைக்குச் சில்லறை எப்போதும் பற்றாது. அதனால் என் வீட்டுக்காரர் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் பேங்கில் நோட்டைக் கொடுத்துப் புதுக்காசு மூட்டை வாங்கி வருவார். வாய் ஒட்டின பிளாஸ்டிக் பையில் பளபளவென்று அஞ்சு ரூபாய்க் காசாக இருக்கும். அன்றைக்கு நான் பையைக் கத்தரித்துக் கல்லாப்பெட்டியில் கொட்டினேன். ஒரு காசு மட்டும் கண்ணில் உறுத்தியது. ஒரு பக்கம் வழக்கம்போலச் சிங்கம். திருப்பினால் அங்கேயும் சிங்கம். ஆனால் அந்தச் சிங்கம் மேடாக இல்லை, பள்ளமாக இருந்தது. இடது வலது மாறி, ஈர மண்ணில் காசை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி உள்ளே பதிந்திருந்தது. அஞ்சு என்கிற எண்ணே இல்லை. எந்த வருசத்துக் காசு என்பதும் இல்லை.

சுற்றிலும் வேறு ஆள் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன். "செல்லாத காசுட்டி. அடுத்த தடவ பேங்க்ல திருப்பிக் கொடுத்துருவோம்" என்றார். அவருக்கு எல்லாமே அடுத்த தடவைதான். எனக்கு என்னவோ அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. தனியாக ஒரு ஏலக்காய் டப்பாவில் போட்டு வைத்தேன்.

கோவில்பட்டி பஜாரில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். கடம்பூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போளி வாங்காமல் போக மாட்டார். பழைய காசு, புதுக் காசு என்று சேர்த்து வைக்கிற கிறுக்கு அவருக்கு உண்டு. என் கல்லாவைக் கிளறிப் பார்க்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. அவரிடம் டப்பாவை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து கடிகாரம் பார்க்கிற லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டினார். போளி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"தங்கச்சி, இது எங்கன கிடைச்சுது?"

"பேங்க் மூட்டையில பாய். நான்தான் பையை வெட்டுனேன்."

"காசு அடிக்கிற இடத்துலயே நடந்த பிசகு மாதிரி தெரியுது. முந்தின காசு அச்சுல ஒட்டிக்கிட்டு விழாம நின்னிருக்கும். அது தெரியாம அடுத்த தகடு வந்து உக்காந்திருக்கு. அச்சு பதியுறதுக்குப் பதிலா அந்தக் காசோட முகம் பதிஞ்சிருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போளி தட்டும்போது இலையில் ஒட்டின மாவைச் சுரண்டாமல் அடுத்த உருண்டையை வைத்துத் தட்டினால், அந்த ஒட்டின மாவின் தடம் புதுப் போளியில் விழும். காசு அடிக்கிறவனும் என்னைப் போல ஒரு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் சொன்னார்: இந்த மாதிரிக் காசைச் சேகரிக்கிறவர்கள் ஆசையாக வாங்குவார்கள். ஆனால் நான் சொன்னாலோ நீங்கள் சொன்னாலோ நம்ப மாட்டார்கள். தரம் பார்த்துச் சான்று கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே அனுப்பினால் எடை போட்டு, பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்து, நிஜமா போலியா என்று சொல்வார்கள். நிஜமென்றால் எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி மாதிரி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பெட்டியில் நம்பர் இருக்கும். போனில் அந்த நம்பரைப் போட்டால் காசின் படம் வரும்.

"ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. புளி போட்டுத் துலக்கிராதீங்க. நான் முதல்ல அனுப்புன வெள்ளி ரூவாயைக் கடிகாரம் துடைக்கிற துணியால நல்லாப் பளிச்சுனு தேச்சு அனுப்புனேன். தேச்ச காசுன்னு எழுதி, மதிப்பெண் போடாமத் திருப்பிட்டாங்க. ரெண்டு நாளு சோறு இறங்கல எனக்கு."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் புளித் தண்ணீர்க் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தார். அவர் அதற்குத்தான் ஆயத்தமாக இருந்திருக்கிறார்.

அனுப்புவதற்குள் எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் கொடை, வருசத் திருவிழா, வந்துவிட்டது. எங்கள் ஊர் என்றால் நான் வாக்கப்பட்ட ஊர், கடம்பூருக்குத் தள்ளிக் கரிசல் காட்டுக்கு நடுவில். கொடைக்கு எல்லாரும் கூடிவிடுவோம். என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல குரல். வருசா வருசம் மைக் பிடித்து நன்கொடை வாசிக்கிறவன் அவன்தான். இன்னார் இத்தனை ரூபாய் என்று அவன் வாசித்தால் கொடுத்தவனுக்கே நாம் இவ்வளவு பெரிய ஆளா என்று தோன்றும்.

மதியக் கொடை. பெண்கள் நாங்கள் பொங்கல் பானைகளுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். கொழுந்தன் வாசித்துக்கொண்டே இருந்தவன் கொஞ்சம் நிறுத்தினான். பக்கத்தில் இருந்த ஆளிடம் என்னவோ பேச்சுக் கொடுத்தான். மைக்கை அமர்த்த மறந்துவிட்டான்.

"எங்க மதினி ஒரு காசு வச்சிருக்காவ, தெரியுமா? கடைக்குப் பக்கத்துலதான தண்டவாளம். ரெண்டு காசைச் சேத்து வச்சு ரயிலை விட்டு நசுக்கிட்டு, கோவில்பட்டி பாய் தலையில கட்டப் பாக்காவ."

வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கரும் அதைக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லின. தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்குவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. அதனால் கேட்டவர்கள் எல்லாருக்கும் சட்டென்று நம்பிக்கை வந்துவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். என் பானை பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னான் என்று பிறகு பலரும் சமாதானம் சொன்னார்கள். நான் இத்தனை வருசமாகக் காசு வாங்கிக் காசு கொடுக்கிறவள். என்னைக் கள்ளக்காசுக்காரி என்று சொன்னால் அது விளையாட்டா? அகப்பையைக் கையில் பிடித்தபடியே நடந்தேன். கூட்டம் வழிவிட்டது. கொழுந்தன் முகம் செத்துப்போயிருந்தது. மைக்கைப் பிடுங்கினேன். எதிரே சன்னதியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"காளியாத்தா சாட்சி. அந்தக் காசை நான் நசுக்கவும் இல்ல, திருத்தவும் இல்ல. பேங்க் மூட்டையில வந்தது. பாக்க வேண்டியவங்க பாத்து நல்ல காசுன்னு சொல்லட்டும். சொன்னா, அதை வித்து ஒத்த பைசா நான் திங்க மாட்டேன். அடுத்த கொடைக்கு அதே காசு ஆத்தா உண்டியல்ல விழும். கள்ளக்காசுன்னு சொன்னா, கடையைப் பூட்டிச் சாவியை இங்கன கொண்டாந்து வைக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அணைத்தேன். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் ஒரு சொல் கிடையாது. திரும்பிவந்து பானைக்கு முன்னால் நின்றபோதுதான் கை எரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏட்டி, கள்ளக்காசுன்னா கடை போச்சு. நல்ல காசுன்னா காசு போச்சு. ரெண்டுல எது நடந்தாலும் நமக்கு என்னட்டி மிச்சம்?"

"மானம்" என்றேன்.

"அதை வச்சுக் கடைக்குக் கூரை மாத்த முடியுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கடைக் கூரைத் தகரம் துருப்பிடித்துப் போய் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் நியாயத்தைக் கேட்கிற நிலையில் நான் அன்றைக்கு இல்லை.

கொழுந்தனாவது அத்தோடு விட்டிருக்கலாம். ஊர் முன்னால் மதினி மைக்கைப் பிடுங்கிவிட்டாளே என்று அவனுக்கு ரோசம். ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தான். பலகையில் ஒரு காசைத் தட்டென்று வைத்தான். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் பள்ளமாகச் சிங்கம்.

"பாருங்க மதினி. லேத்துல அஞ்சை வழிச்சு எடுத்துட்டு, இன்னொரு காசோட சேத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ்ல வச்சு இறுக்குனேன். அவ்வளவுதான் வேலை. உங்களுக்கு எத்தனை வேணும், சொல்லுங்க. செஞ்சு தாரேன்."

டீக்கடையிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். என் காசையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் எது எது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி எனக்கே தெரியவில்லை. அன்றையிலிருந்து நான் மிச்சம் கொடுத்தால் வாங்குகிறவர்கள் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பின்னால அஞ்சு இருக்குல்லா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேலிதான். ஆனால் கேலி நாலு தடவைக்கு மேல் போனால் பேராகிவிடும். போளிக்கடைக்காரி என்கிற பேர் போய்க் கள்ளக்காசுக்காரி என்கிற பேர் நிலைத்துவிடுமே என்று எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தைவிட அந்தப் பயம்தான் அதிகம்.

பாய் வந்தார். கொழுந்தன் விட்டுப்போன காசையும் என் காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"தம்பி காசுல மேல் பக்கத்துச் சிங்கம் சப்பிப் போயிருக்கு தங்கச்சி. வைஸ் கடிச்ச தடம். உங்க காசுல அது இல்ல. ஆனா நான் சொன்னா எடுபடாது. நானும் உங்களுக்குக் கூட்டுன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப ரெண்டையும் அனுப்புங்க பாய். எது எதுன்னு சொல்லாம அனுப்புங்க."

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டுக்கும் கட்டணம் ஆகும்."

"ஆகட்டும்."

கொழுந்தன் செய்த கள்ளக்காசுக்கும் நானே கட்டணம் கட்டினேன். அந்த எரிச்சல் இன்னும் எனக்கு இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் காசு எங்கள் கையில் இருந்த சில நாட்களுக்குள் ஒரு சங்கடம் வந்தது. அம்மனுக்கு நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். நானும் புது மஞ்சள் அரைத்து, துணியை நனைத்து, ஈரத்தோடு காசை முடியப் போனேன். அந்த நேரம் பார்த்துப் பாய் வந்துவிட்டார். பதறிப்போனார். மஞ்சள் கறை பிடித்தால் மதிப்பெண் போய்விடுமாம். சாமிக்கு நேர்ந்ததை முடியாமல் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். கறை பட்டால் சாமியே வந்தாலும் கம்பெனிக்காரன் விட மாட்டான் என்று அவர் சொன்னார். கடைசியில் காசை அவர் கொண்டுவந்த சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையை மஞ்சள் துணியில் முடிந்தேன். இரண்டு பேருக்கும் திருப்தி. மதுரையில் இருக்கிற கம்பெனி முகவரிடம் கொடுக்கப் பாய் இரண்டு காசையும் வாங்கிக்கொண்டு போனபோது, முடிச்சை நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். துணியை மட்டும் ஏலக்காய் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. மழை பெய்து கரிசல் வெடிப்பெல்லாம் மூடியது. உளுந்தும் மக்காச்சோளமும் வளர்ந்து நின்றன. கூரை ஒழுகிய இடத்தில் நான் சாக்கை மடித்துப் போட்டேன். அம்மன் படம் மாட்டியிருந்த ஆணியில் கடைச்சாவி தொங்கும். அதை எடுக்கும்போதும் மாட்டும்போதும் எனக்குத் திக்கென்று இருக்கும். என் வீட்டுக்காரர் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் அவரே சொன்னார். "எனக்குச் சந்தேகம் இல்லட்டி. பையை நீ வெட்டும்போது நான் பின்னாலதான இருந்தேன்." அவர் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒரு நாள் பாய் போன் செய்தார். பார்சல் வந்திருக்கிறது, தான் பிரிக்கவில்லை, நான் வந்துதான் பிரிக்க வேண்டும் என்றார். அடுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ரயிலேறினேன். கடிகாரக் கடைக்குள் அத்தனை கடிகாரமும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. பாய் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். பார்சலின் ஓரத்தை வெட்டினேன்.

உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று போன உறையோடு அப்படியே திரும்பி வந்திருந்தது. கூட ஒரு துண்டுக் காகிதம். பாய் வாசித்தார். நாணயச்சாலைக்கு வெளியே செய்யப்பட்ட மாற்றம், சான்று தர இயலாது என்று போட்டிருந்தது. மற்றது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பாய் அதைத் திருப்பி, லென்ஸை மாட்டி, மறுபடி திருப்பினார்.

"இதுதான் உங்களுது தங்கச்சி. நாணயச்சாலைப் பிசகுன்னு போட்டிருக்கு. நெசமான காசு. எழுபதுக்கு அறுபத்துமூணு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "மீதி ஏழு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

பாய் சிரித்துவிட்டார். "மூட்டைக்குள்ள மத்த காசு இடிச்ச தடம் இருக்குல்லா, அதுக்குக் குறைச்சிருக்காங்க."

"என்ன பாய் சொல்லுதீங்க? மூட்டையில இருந்ததுக்குத் தடம் இருக்கா?"

"ஆமா. சின்னச் சின்னக் கீறல். புதுக்காசு மூட்டையில வந்தா அப்படித்தான் இருக்கும்."

அந்த ஏழு மதிப்பெண் குறைந்ததில்தான் எனக்கு அதிகச் சந்தோசம். மூட்டையில் வந்தது என்று நான் தொண்டை கிழியச் சொன்னதற்குச் சாட்சி சொல்ல அந்தக் கீறல்களாவது இருந்தனவே. ரயிலில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவுக்குக் காட்டினேன். எதிரே இருந்த குடும்பத்துக்குக் காட்டினேன். டிக்கெட் பார்க்க வந்தவருக்கும் காட்டினேன். டிக்கெட்டை விட்டுவிட்டு அவர் அதைத்தான் வெகு நேரம் பார்த்தார்.

மறுநாள் கொழுந்தன் வந்தான். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் செய்த காசையும் துண்டுக் காகிதத்தையும் அவன் முன்னால் வைத்தேன். அவன் முகம் சிவந்தது.

"மிஷின்ல இப்படியும் அடிக்குமா மதினி?"

"அடிச்சிருக்கு பாரு."

"அப்ப நான் சொன்னது..." என்று இழுத்தான்.

"இங்கன சொல்லாதலே. எங்க வச்சுச் சொன்னியோ அங்க வச்சுச் சொல்லு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, தன் காசை எடுத்துக்கொண்டு, போளி கூட வாங்காமல் போய்விட்டான்.

செய்தி பரவிவிட்டது. பாய்க்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் போனிலேயே விலை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

கொடை நெருங்கியது. முந்தின நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். உண்டியல் வாய்க்குள் பெட்டி நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினேன், சாய்த்தேன். நுழையவே இல்லை. பூசாரி, "அம்மன் காலடியில வச்சுருங்க, போதும்" என்றார். நான் உண்டியலில் விழும் என்று சொல்லியிருந்தேன். அதே காசு என்றும் சொல்லியிருந்தேன். பெட்டியை உடைக்காமல் வேறு வழி இல்லை. அதைக் கையால் உடைக்க முடியாது. சுத்தியலால் அடித்தால் காசுக்கு அடிபடும். நேராகக் கோவில்பட்டிக்கு, கொழுந்தன் பட்டறைக்குப் போனேன்.

"இதைப் பக்குவமா அறுத்துக் காசை எடுத்துக் கொடு" என்றேன்.

அவன் பெட்டியை வாங்கினான். அவன் கள்ளக்காசு செய்த அதே வைஸில் துணி சுற்றி மாட்டினான். ரம்பத்தை எடுத்தான், கீழே வைத்தான்.

"உடைச்சுட்டா சர்டிபிகேட் செல்லாது மதினி. மறுபடி வெறுங்காசுதான்."

"தெரியும்லே. அறு."

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். அவனுடைய காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் சொல்லுததைக் கேளுங்க. இதை உண்டியல்ல போடுங்க. அதை வித்துக் கூரையை மாத்துங்க. எண்ணுதவனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது? எது விழுந்தாலும் பேங்குக்குத்தான் போகும். அப்புறம் எவனாவது டீ குடிச்சுட்டுக் கொடுப்பான். ஆத்தாவுக்கு ரெண்டும் அஞ்சு ரூவாதான."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். எனக்கும் ஒரு நிமிடம் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது. புதுத் தகரம், மழையில் நனையாத மாவு, என் வீட்டுக்காரர் முகம் எல்லாம் வந்து போயின. அவன் உள்ளங்கையையும் வைஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சொன்னேன். "ரெண்டும் ஒண்ணு இல்லன்னு காட்டத்தானலே நான் ஒரு வருசமா இந்தப் பாடு பட்டேன். இப்ப மாத்திப் போட்டா, நீ அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்."

அவன் தன் காசை இழுப்பறையில் போட்டு மூடினான். பெட்டியின் ஓரத்தை மெதுவாக அறுத்தான். தூள் விழ விழ ஊதி ஊதி அறுத்தான். காசுக்கு ஒரு கீறல் படவில்லை. எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். நான் ஏலக்காய் டப்பாவில் இருந்து கொண்டுபோன மஞ்சள் துணியில் வாங்கி முடிந்தேன். இனி மதிப்பெண் பயம் இல்லை.

மறுநாள் மதியக் கொடை. முடிச்சை அவிழ்த்து, அந்தப் பள்ளமான சிங்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். உண்டியலில் போட்டேன். மற்றக் காசுகள் மேல் விழுந்து, எல்லாக் காசும் போடுகிற சத்தத்தைத்தான் போட்டது. கவலை இல்லை என்று சொன்னால் பொய். துக்கமாகத்தான் இருந்தது. பொங்கல் வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டேன்.

கொழுந்தன் நன்கொடை வாசித்துக்கொண்டிருந்தான். ஐயாயிரம், மூவாயிரம், சென்னையிலிருந்து அனுப்பியவர் பத்தாயிரம் என்று போய்க்கொண்டிருந்தது. அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.

"கடம்பூர் போளிக்கடை, எங்க மதினி. அஞ்சு ரூவா."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவன் அடுத்ததை வாசிக்கவில்லை.

"போன கொடைக்கு இதே மைக்ல நான் ஒரு சொல்லு சொன்னேன். மைக்கு ஓடுதுன்னு தெரியாமச் சொன்னேன். இன்னைக்கு ஓடுதுன்னு தெரிஞ்சே சொல்லுதேன். நான் சொன்னது பொய்யி. எங்க மதினி சொன்னதுதான் நெசம். அந்தக் காசுக்கு இருந்த விலைக்கு ஒரு கடைக்கே கூரை போடலாம். விக்கல அவிய. சொன்ன மாதிரி அதே காசை ஆத்தாவுக்குப் போட்டுட்டாவ. நான்தான் பெட்டியை அறுத்துக் கொடுத்தேன்."

இரண்டு குழாயும் அதைக் காடு முழுக்கக் கொண்டுபோயின. வரிசையில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் போட்டார்கள். ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று எல்லாரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மதினி, எங்கன நிக்கிய? எல்லாரும் பாக்கணும், ஒருக்க கையைத் தூக்குங்க" என்றான் மைக்கில்.

சூடம் அணைத்த அந்தக் கையைத் தூக்கினேன். நன்றாக உயரத் தூக்கினேன்.